அந்தோணியார் அசனமும் ஒரு பல்லியும்

“...பல்லின்னு எழுதுங்க சார். என்ன யோசிக்கிறீக? கறி அண்டாவுல பல்லி விழுந்திருக்கு. அது தெரியாம தங்கபாண்டிப் பய கிண்டிப்புட்டான். ஊரே ஆஸ்பத்திரியில கெடக்கு. இதுக்குமேல விசாரிக்க என்ன இருக்கு? பல்லியப் பாத்தீகளான்னு கேக்குறீக. பாத்தா விட்டிருப்பனா? வெந்து கரைஞ்சிருச்சு சார் அது!”

சவரியப்பன் மூச்சு வாங்கினார். தலைக்குமேல் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வாந்தியும் பேதியும் போய், வாயைத் தவிர மற்ற எல்லாம் ஓய்ந்துவிட்டது. அந்தோணியார் திருவிழாவுக்கு ஊர் கூடிக் கோயில் வளாகத்தில் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டது. அதற்குப் பெயர் அசனம். அந்த அசனத்தில் கைவைத்தவர்களில் பாதிப் பேர் இந்த வார்டில் கிடந்தார்கள். கட்டில் போதாமல் தரையிலும் கிடந்தார்கள்.

எதிரே ஸ்டூலில் சுகாதார ஆய்வாளர் சின்னச்சாமி. டவுனிலிருந்து வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். சவரியப்பனுக்கு அது வசதி.

“வரும்போது தங்கபாண்டியப் பாத்தீகளா, வாசல்ல? காலையிலேர்ந்து அங்கதான் உக்காந்திருக்கான். அண்டாவக் குடுங்க, நாளைக்குப் பாளையம்பட்டியில முகூர்த்தத்துக்கு ஆக்கணும், வாக்குக் குடுத்துட்டேங்கிறான். குடுப்பனா? அண்டா, சட்டி, கரண்டி, அம்புட்டையும் கோயிலுக்குப் பின்னால கொட்டகையில போட்டுப் பூட்டிட்டேன். ரெண்டு வாந்திக்கு நடுவுல எந்திரிச்சுப் போயிப் பூட்டுனேன் சார்! சாவி இந்தா, அரணாக்கயித்துல. நாங்க இங்க சாகணும், இவன் அடுத்த ஊர்ல போயிப் பாயாசம் கிண்டணுமோ? மைக்கு செட்டு இன்னும் கழட்டல. அதுலயே சொல்லிப்புட்டேன், தங்கபாண்டி சமையல்ல விஷம்னு. நாலு ஊருக்குக் கேட்டிருக்கும். இனிமே எவன் கூப்புடுறான்னு பாக்குறேன்...

இந்த டாக்டரம்மா ஜெபா இருக்காகளே, சின்னப் புள்ள, அவுக ஒரு கதை சொல்றாக. பல்லி விழுந்தா ஒண்ணும் ஆகாதாம்! கேட்டீகளா அநியாயத்த? கண்ணுக்குத் தெரியாத கிருமியாம். நான் விடுவனா? ‘பந்திக்கு முன்னாடி தளதளன்னு கொதிக்க வச்சுத்தானம்மா ஊத்துனோம், கிருமி எப்படிப் பொழைக்கும்?’னேன். கிருமி செத்துருமாம் சார். ஆனா அது சாகுறதுக்கு முன்ன கக்கி வச்ச விஷம் சாகாதாம். எம்புட்டுக் கொதிச்சாலும் அப்படியே இருக்குமாம். எங்க பெரியப்பா செத்தும் அவரு கம்மாக்கரை நெலத்து வில்லங்கம் சாகல பாருங்க, அந்த மாதிரி... சரி, அது வேற.

அந்த விஷம் உள்ள போயி என்ன செய்யிதாம்? வயித்துலயும் கொடல்லயும் இருக்குற நரம்பப் புடிச்சுச் சுண்டுதாம். நரம்பு மண்டைக்குத் தந்தி அடிக்குதாம், உள்ள இருக்கறத ஒடனே வெளிய தள்ளுன்னு. எனக்கு வந்தது தந்தியா சார்? கோயில் மணி! அதோட விட்டுச்சா? உடம்பு பூரா செல்லு செல்லா இருக்காம், தேனடை கணக்கா. அதுல காவக்காரச் செல்லுன்னு ரெண்டு வகை. ஒருத்தன் திருடனோட அடையாளத்தக் கொண்டாந்து காட்டணும். இன்னொருத்தன் அத உத்துப் பாத்து, ஆமா இவன்தான்னு தெரிஞ்சாத்தான் விசில் ஊதணும். இந்த விஷம் குறுக்க பூந்து, அடையாளத்தப் பாக்கவே விடாம, ரெண்டு பேரு கையையும் சேத்துக் கட்டிவிட்டுருதாம். ஒடனே அவன் ஊதுறான். அவன் ஊதுறதக் கேட்டு அடுத்தவன் ஊதுறான். திருடன் யாருன்னே தெரியாது, ஊரே விசிலு! அதுலதான் இந்த ஒடம்பு நோவும் அசதியுமாம். எப்படி இருக்கு கதை? யாரு எவருன்னு விசாரிக்காம எவனாச்சும் அப்படிச் சத்தம் போடுவானா சார்?”

சின்னச்சாமி நிமிர்ந்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை. பிறகு இவர் முகத்தில் ஒரு பார்வை.

“என்ன அப்படிப் பாக்குறீக? சரி, பல்லி வேணாம், கிருமின்னே வச்சுக்கிடுவோம். அது எங்க குடியிருக்குமாம் தெரியுமா? மனுசன் மூக்குல. தோல்ல. சீழு வச்ச புண்ணுல. மூக்குல சார், மூக்குல! தங்கபாண்டி மூக்கப் பாத்தீகளா? அடுப்புப் பொகையில நின்னு நின்னு எந்நேரமும் ஒழுகும். போயிப் பாருங்க. நான் இருக்கேன்.

போகலையா? சரி. அப்புறம், கறி வெதுவெதுன்னு ரொம்ப நேரம் கெடந்தாத்தான் கிருமி பெருகி விஷத்தக் கக்குமாம். அதுக்கு யாரு பொறுப்பு? பிரசங்கம்! வெளியூர்லேர்ந்து ஒரு சாமியாரு பூசை வைக்க வந்தாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லல. ஆனா அந்தோணியாரு மீனுக்குப் பிரசங்கம் பண்ணுன கதைய எடுத்தாரு பாருங்க... ஒவ்வொரு மீனா வருது சார்! விடியுமுன்ன வெந்த கறி, வெயிலு உச்சிக்கு வந்து எறங்குற மட்டும் தகரக் கொட்டகையில கெடந்துச்சு. மீனுக்குச் சொல்லிச் சொல்லி ஆடு கெட்டுப்போச்சு.

இன்னொரு அதிசயம் கேளுங்க. தங்கபாண்டிக்கு ஒண்ணுமே ஆகல! விடியக்காலம் அண்டாவுலேர்ந்தே கறிய எடுத்து ருசி பாத்திருக்கான். அடுப்பெரிச்ச சோணைமுத்தும் அப்பவே தின்னிருக்கான். ரெண்டு பேரும் கல்லு மாதிரி நிக்கிறாங்க. பந்தியில தின்ன நாங்கதான் படுத்துக்கிட்டோம். இதுலேர்ந்தே தெரியலையா யாரு திருடன்னு?

என்ன? அண்டாவுலேர்ந்து எலைக்கு எப்படி வந்துச்சா? ஓ... எங்க ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியாதுல்ல. மத்த ஊர்ல கரண்டியில அள்ளி ஊத்துவாக. கரண்டி ஆளப் பாக்கும் சார். மொதப் பந்தியில உக்காருற சம்பந்தி எலையில சதை விழுகும். கடைசிப் பந்திக்காரன் எலும்ப நக்கிட்டுப் போவான். ஒருக்க அதுல மண்டை ஒடைஞ்சு கேசாகிப்போச்சு. அன்னையிலேர்ந்து, வெந்த கறிய வெளிய அள்ளிப் போட்டு, பூசைக்கு முன்னாலயே கையால கூறு போட்டு வச்சிருறது. பந்திக்கு ஒரு சட்டி. எல்லாச் சட்டியிலயும் சதை, எலும்பு, ஈரல், ஒரே அளவு. அப்புறம் பந்திக்குப் பந்தி கொழம்ப ஊத்திக் கொதிக்க வச்சுப் பரிமாறுறது. நேத்தும் பாருங்களேன், மொதப் பந்தி கடைசிப் பந்திங்கிற வித்தியாசமே இல்ல. எல்லாருக்கும் ஒரே வாந்தி!

கூறு போடுறது யாரா? நான்தான் சார்! இந்தக் கைய நம்பித்தான் ஊரே எலையில உக்காருது. தொட்டுப் பாத்தாத்தான் சதை எது, சவ்வு எதுன்னு தெரியும். சுத்தத்துல என்னைய மிஞ்ச ஆளில்ல. இந்தா, இந்த வெரலு... அசனத்துக்கு வெறகு வெட்டப்போயி சீமக்கருவேல முள்ளு ஏறிருச்சு. பழுத்துப்போயி, துணி சுத்தியிருந்தேன். அந்தத் தங்கபாண்டி என்ன சொன்னான் தெரியுமா? ‘அண்ணே, கையில கட்டு இருக்கு, இந்த வருசம் வேற ஆளு கூறு போடட்டுமே’ங்கிறான். எனக்கு வந்துச்சே கோவம்! அழுக்குத் துணியோட அந்தோணியாரு கறியத் தொடுவனா நான்? ‘ஏலே, எனக்கா சுத்தம் சொல்லித் தாரே’ன்னு, கட்ட அவுத்து எறிஞ்சிட்டு, சீழ நல்லாப் பிதுக்கிவிட்டு, தண்ணியில ஒரு அலசு அலசிட்டு, அப்புறந்தான்...”

வாய் நின்றது.

சின்னச்சாமி பையைத் திறந்தார். பஞ்சு சுற்றிய ஒரு குச்சியும் மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குழாயும் வெளியே வந்தன. அவர் தம் உள்ளங்கையை விரித்துக்கொண்டு காத்திருந்தார்.

சவரியப்பன் விரலைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில், பந்தியில் சாப்பிட்ட செல்லக்கிளி முனகினாள். தரையில் யாரோ ஓங்கரித்தார்கள். விரலை நீட்டினார்.

“சார்... பல்லின்னே எழுதுனா என்ன? பல்லி என்ன, ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கவா போகுது?”

விரலில் தடவிய பஞ்சுக் குச்சி உள்ளே போய், குழாயின் மூடி இறுகியது.

“சும்மா கேட்டேன். விட்டுருங்க, பாவம், அது என்ன பண்ணுச்சு... சார், மைக்கு செட்டுக்காரன் போயிட்டானா? போகலைன்னா நிக்கச் சொல்லுங்க. அதுல சொன்னத அதுலயே மாத்திச் சொல்லணும்ல. தங்கபாண்டி இல்ல, சவரியப்பன் கைதான்னு... மைக்கு செட்டுக் கொழாய நாலு ஊருக்கும் கேக்குற மாதிரி திருப்பி வைக்கச் சொல்லுங்க. ரொம்ப வேணாம். நேத்து கேட்ட அளவுக்குக் கேட்டாப் போதும்.

ஏலே தங்கபாண்டி! ஏலே! உள்ள வராத, அங்கேயே நில்லு. சாவி வருது. வெரசா வண்டியக் கட்டு, முகூர்த்தம் தப்பிறப் போகுது. அண்டாவ நல்லாத் தேச்சு ஏத்து... நீ தேச்சுத்தான் வச்சிருப்பே. சும்மா சொன்னேன்.”

இடது கையில் குளுக்கோஸ் ஊசி. வலது கை அரைஞாண் கயிற்றுக்குப் போயிற்று. முடிச்சைத் தொடப்போன விரல் அந்தரத்தில் நின்றது.

“சார், நீங்களே அவுத்துக்கிடுங்க. நான் தொடல... இருங்க, இருங்க. பூட்டும்போது தொட்டிருக்கேனே. அவன்கிட்ட அப்படியே குடுத்துராதீக. சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குடுங்க.”