குழாயில் காற்று

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். இருமும், தட்டும், சில சமயம் தூரத்தில் யாரோ பேசுவது போலவும் இருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர். கோலாரில் உங்கள் குவார்ட்டர்ஸில் எந்நேரமும் தண்ணீர் உண்டு. எங்கள் கல்மேட்டில் அப்படி இல்லை. ஆகவே முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கேட்டது அதற்குள் வந்துவிடும்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைன் வீடுகளைத் தாண்டினால் கல்மேடு. லைன் வீடுகளுக்குச் சுரங்கத்தின் தண்ணீர் உண்டு. கல்மேடு சுரங்க நிலம் அல்ல, டவுன் பஞ்சாயத்து. நான் சேர்மனாக வருவதற்கு முன்னால் பெண்கள் தோட்டத்துக் கிணறுகளில் கெஞ்சி நின்றார்கள். ஒரு கோடையில் கிணறு கலங்கி வாந்திபேதி வந்தது. என் தெருவில் மட்டும் மூன்று பாடைகளுக்குத் தோள் கொடுத்தேன். அடுத்ததற்குத் தோள் தேவைப்படவில்லை. அது என் மகள். கையில் தூக்கிக்கொண்டு போனேன்.

இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. காரணம் கேட்டீர்கள்.

பிறகு துரை வந்தான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன கல் பங்களாவை வாங்கி ரம்மி கிளப் வைக்க அனுமதி கேட்டான். கொடுத்தேன். அவன் கட்டிய லைசென்ஸ் பணத்தில் பேத்தமங்களா ஏரியிலிருந்து சுரங்கத்துக்குப் போகும் பெரிய குழாயிலிருந்து எங்களுக்கு ஒரு கிளை இழுத்தோம். தெருவிளக்கும் தோட்டி சம்பளமும்கூட அந்தப் பணம்தான். வீட்டு வரியில் பஞ்சாயத்து நடந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுரங்கத்து ஆட்கள் சம்பளம் வாங்கி வந்து சீட்டாடினார்கள். அவர்கள் தோற்றதில் அவர்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடித்தார்கள். எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது.

முதல் பொதுக்குழாயை கிளப்பின் பக்கச்சுவரை ஒட்டியே வைத்தேன். குழாய் அந்த வழியாகத்தான் வந்தது.

ஜெயகரன் பஞ்சாயத்து மெம்பர். மார்க்கெட்டில் தையல் கடை. அவன் அப்பா சுரங்கத்தில் மணி அடிப்பவராக இருந்தவர். ஷாஃப்ட் என்னும் ஆழக்குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு இறங்க, நிற்க, ஏற என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி என்று கணக்கு. மூன்று மணி அடித்தால் கூண்டில் ஆள் இருக்கிறது, மெதுவாக இழு என்று அர்த்தம். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பிள்ளைகள் தட்டை வைத்து விளையாடுவதே இப்படித்தான்.

ஜெயகரன் நல்லவன். கேலி பேசுவான். என் மகள் இறந்தபோது அவனும் அவன் மனைவி பியாட்ரிஸும்தான் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள்.

இந்த வருஷம் கிளப் லைசென்ஸைப் புதுப்பிக்கும் தீர்மானம் வந்தது. மெம்பர்கள் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள், எங்கள் பக்கம் ஒரே ஒரு ஓட்டு கூடுதல். ஜெயகரனும் எங்கள் பக்கம்தான் இருந்தான். கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் என்னிடம் வந்தான்.

“நாளிக்கு நான் எதிர்த்துக் கை தூக்கப் போறேன், சேர்மன். முன்னாடியே சொல்லிடறேன். முதுகுல குத்தனான்னு சொல்லாத.”

“இன்னாத்துக்கு?” என்றேன்.

“நம்ம பொம்பளைங்க ஷாஃப்ட் வாசல்ல போயி புருஷன் உசுரோட வரானான்னு நிக்கறாங்க. அப்புறம் கிளப் வாசல்ல போயி சம்பளத்தோட வரானான்னு நிக்கறாங்க. எந்த வாசல்லதான் சோறாக்கறது?”

“தண்ணிக்கு இன்னா பண்ணுவ?”

“வரி போடு. திட்டுவாங்க, கட்டுவாங்க. நீ ஏன் இவ்ளோ பயப்படற?”

சரியாகத்தான் கேட்டான். நான் பயந்தவன். குழாய் வந்த பிறகும் விடியும்போது காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். காற்று வரும் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

கிளப்பின் பின்சுவரில் விரிசல் இருக்கிறது, அதையும் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றான். வந்து பார்க்கச் சொன்னான். துரை சாமான் வாங்க பெங்களூர் போயிருந்தான். சாவி என்னிடம் இருந்தது. சாயங்கால ஷிப்ட் விடும்வரை கிளப்புக்கு ஆள் வராது. இருவரும் போனோம். மத்தியான வெயில், தெருவில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

உள்ளே இருட்டு. பெண்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னல்களுக்குத் துரை பலகை அடித்திருந்தான். ஜெயகரன் பின்பக்கம் போய் விரிசலில் கையை விட்டுக் காட்டினான். “என் முழங்கை போவுது பாரு,” என்றான். நான் வாசல்படியில் நின்றிருந்தேன்.

அப்போதுதான் ஏர்பிளாஸ்ட் வந்தது. கீழே ஆழத்தில் பாறை வெடித்துச் சரிவதை அப்படித்தான் சொல்வோம். முதலில் காலில் தெரியும். பிறகு பாத்திரங்கள் ஆடும். அன்று அது நிற்கவில்லை. பின்சுவர் உள்ளே சாய்ந்தது, பாதிக் கூரையும் அதோடு வந்தது.

தூசி அடங்கியபோது அவன் பக்கச்சுவர் ஓரமாகக் கிடந்தான். இடுப்புக்குக் கீழே கல். உத்திரம் ஒன்று மேலே குறுக்காக நின்றதால் தலையும் கைகளும் தப்பியிருந்தன.

“உசுரோடதான் கீறேன்,” என்றான். “ஆளைக் கூப்பிடு, சேர்மன்.”

போகிறேன் என்றேன். வெளியே வந்தேன். பழக்கத்தில் கதவைப் பூட்டினேன்.

ஏர்பிளாஸ்ட் வந்தால் எங்கள் ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அடுப்பில் சோறு இருக்கும், தொட்டிலில் குழந்தை இருக்கும், ஓடுவார்கள். அன்றும் தெரு முழுவதும் ஓடியது. நானும் ஓடினேன். ஆளைக் கூப்பிடத்தான் ஓடினேன். ஷாஃப்ட் வாசலில் சொல்லலாம், அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அங்கே போனதும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சேர்மன் வந்துட்டாரு, கேளுங்க சேர்மன், எந்த லெவல்ல, எத்தினி பேரு. கூண்டு ஒவ்வொன்றாக மேலே வந்தது. கீழே போகும்போது ஒவ்வொருவரும் ஒரு பித்தளை டோக்கன் எடுத்துக்கொண்டு போவார்கள். வந்ததும் பலகையில் மாட்டுவார்கள். காலி ஆணி இருந்தால் ஆள் கீழே இருக்கிறான். அன்று இருட்டுவதற்குள் எல்லா ஆணியிலும் டோக்கன் தொங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், ஒருத்தி புருஷனை வாசலிலேயே அறைந்தாள். எல்லாரும் வந்துட்டாங்க, எல்லாரும் வந்துட்டாங்க என்று ஊரே சொல்லிக்கொண்டு திரும்பியது.

எங்கள் ஊரில் கீழே இருப்பவர்களைத்தான் எண்ணுவோம். மேலே இருப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை.

அந்த வாசலில் நின்று நான் யோசித்தேன். அவனைக் கொல்ல வேண்டும் என்று யோசிக்கவில்லை. நாளைக்குக் கூட்டம், அதுவரை இருக்கட்டும் என்று யோசித்தேன். கூட்டம் முடிந்ததும் நானே போய்த் திறப்பேன். பேசும் அளவுக்குத் தெம்பாக இருந்தான். ஓர் இரவு தாங்குவான்.

பஞ்சாயத்து ஓவர்சீயர் கோவிந்தன் வந்தார். “கிளப் செவுரு உக்காந்துடுச்சி சேர்மன். உள்ள ஒருவாட்டி பாத்துட்டு சீல் வெக்கட்டா?”

“உள்ள போற ஆள் மேல மீதிக் கூரை விழுந்தா யார் பதில் சொல்றது?” என்றேன். “வெளியிலேயே சீல் வையுங்க. கயிறு கட்டுங்க. யாரும் கிட்டப் போகக்கூடாது.”

அவர் அப்படியே செய்தார். சரியான உத்தரவு. இப்போதும் அதில் நீங்கள் குற்றம் காண முடியாது.

மறுநாள் கூட்டத்தில் ஜெயகரன் நாற்காலி காலியாக இருந்தது. ஓட்டு சமமாக வந்தது. சமமானால் சேர்மனுக்கு ஒரு ஓட்டு கூடுதல். லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. கட்டடத்தைச் சரிசெய்த பிறகே ஆட்டம் தொடங்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டேன்.

அதன் பிறகு போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? போனால் அவன் கேட்பான். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பான். அவன் முன்னால் நின்று அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நேரம் போகப்போக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

பியாட்ரிஸ் வந்தாள். வெளியூர் போனால் சொல்லிவிட்டுத்தான் போவார் என்றாள். கிளப் விஷயமாகப் பெங்களூரில் பெரிய ஆபீசரைப் பார்க்கணும் என்றான், பஸ் ஏறியிருப்பான் என்று சொன்னேன். அவன் அப்படிச் செய்யக்கூடியவன்தான். நம்பினாள்.

இதற்குள் அந்தச் சுவர் பக்கம் சத்தம் கேட்கிறது என்று பேச்சு வந்தது. ஏர்பிளாஸ்டுக்குப் பிறகு பூமி அடங்க நாளாகும், கீழே கடகடக்கும், தட்டும். இங்கே பிறந்தவர்கள் அதற்குப் பழகியவர்கள். பூமி அடங்குது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் அங்கே நின்றிருந்தால் கதவை உடைத்திருப்பான்.

பொதுக்குழாய் கயிற்றுக்கு வெளியேதான் இருந்தது. அடுத்த நாள் காலை பியாட்ரிஸ் குடத்தோடு வந்து வரிசைக்கு முன்பே நின்றாள். வால்வு திறக்கும் மங்கம்மாவோடு நானும் அங்கே இருந்தேன். தினமும் போவேன், அன்றும் போனேன். போகாவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

பியாட்ரிஸ் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

“இது இன்னா சத்தம், அண்ணே?”

“காத்து. குழாய்ல காத்து.”

“வால்வே இன்னும் தொறக்கலியே.”

மங்கம்மா என்னைப் பார்த்தாள்.

“மூணு மூணா வருது, அண்ணே,” என்றாள் பியாட்ரிஸ். “தோ, கேளுங்க. கூண்டுல ஆள் இருந்தா அடிப்பாங்களே, அந்த மாதிரி. பூமி எண்ணிக்கினு தட்டுமா?”

கேட்டேன். மூன்று. கொஞ்சம் நின்று, மூன்று. மெதுவாக இழு என்று அர்த்தம்.

நான் வால்வு அருகே குந்தினேன். மங்கம்மாவின் கையிலிருந்து வால்வுச் சாவியை வாங்கி முழுவதும் திறந்துவிட்டேன். எப்போதும் பாதிதான் திறப்போம். குழாய் இருமியது, தட்டியது, பிறகு சத்தத்தோடு தண்ணீர் கொட்டியது. தெருவிலிருந்து பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். இன்னைக்கு சேர்மனுக்கு இன்னா வந்துச்சி, இவ்ளோ தண்ணி என்று ஒருத்தி கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“பாத்தியா, காத்துதான்,” என்றேன்.

பியாட்ரிஸ் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

தண்ணீரை நான் மூடவில்லை. ராத்திரியும் ஓடவிட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை வேறெதுவும் காதில் விழவில்லை. மூடியபோது அமைதியாக இருந்தது.

துரை திரும்பிவந்து கட்டடத்தைச் சரிசெய்யத் திறந்தபோது ஜெயகரனின் உடலைக் கண்டார்கள். கதவு பூட்டுவதற்கு முன்னால் விரிசலைப் பார்க்கத் தனியாக உள்ளே போயிருக்கிறான், சுவர் விழுந்ததுமே செத்திருக்கிறான் என்று ஊர் முடிவு செய்தது. நான் மறுக்கவில்லை. கல்லறையில் பேசினேன். பொதுக்குழாய்க்கு ஜெயகரன் பெயரை வைக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

பியாட்ரிஸ் மட்டும் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்திருக்கிறாள். பக்கச்சுவரின் உள்பூச்சில் குழிகள் இருந்தனவாம், மூன்று மூன்றாக. வெளியே அதே உயரத்தில் குழாய். அதன் பிறகுதான் அவள் உங்களிடம் நடந்து வந்தாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. கதவைப் பூட்டியது நான். சீல் வைக்கச் சொன்னது நான். அவன் தட்டியது எனக்குத் தெரியும்.

இந்த ஸ்டேஷனில் குழாய் இருக்கும் அறையில் என்னை வைக்காதீர்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது. என் வீட்டுக் குழாயைத் துணி சுற்றி அடைத்துவிட்டேன், அப்படியும் கேட்கிறது.

காலில் பட்ட அடியில் அவன் சாகவில்லை, தாகத்தில் செத்தான் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். நான் சேர்மனாக இருந்த காலத்தில் கல்மேட்டில் ஒருவர்கூடத் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை.