எந்தத் தண்ணி நல்ல தண்ணி?

கத்தி பிடித்தாலும் கனிவை விடாத கரங்களுக்குச் சொந்தக்காரராய், நடுநாயகமாய் வீற்றிருந்து, "பத்து நிமிஷந்தான் பெரியவரே" என்று என் காதில் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர், பெரிய டாக்டர் அவர்களே! ஊரையே தூங்கவைத்துவிட்டுத் தாம் மட்டும் இமை கொட்டாமல் காத்திருக்கும் மயக்க மருந்து டாக்டரம்மா அவர்களே! "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்ற உலக மகா பொய்யை, உண்மையைவிட இனிமையாகச் சொல்லத் தெரிந்த நர்ஸ் கண்மணிகளே! வயிற்றில் வடுவும் வாயில் சிரிப்புமாய் வந்திருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே! பெரியோர்களே, தாய்மார்களே! டீ எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசைப் பெருமக்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு கலந்த, அடக்கம் கலந்த, கொஞ்சம் குறும்பும் கலந்த வணக்கம்!

நான் யார்? மைக் செட்டுக்காரன். ஆறாம் வகுப்பின் வாசல்படி வரைக்கும் போனவன். உள்ளே போகவில்லை, உள்ளே இருந்தவர்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஆயுள் முழுக்க மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆயிரம் பேர் பேச்சைக் கேட்டவன். யார் பேசினாலும் நல்ல வரியை நான் எடுத்து வைத்துக்கொள்வேன். இன்றைக்குப் பேசுவதில் பாதி திருடியது. மீதி என் வீட்டில் நடந்தது.

சற்று முன்னால் டாக்டரம்மா இதே இடத்தில் நின்று, தங்கள் ஆராய்ச்சிக்கு உடம்பு கொடுத்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் கூட்டிவைத்து, அதன் முடிவைப் படித்தார்கள். கணையத்தில் அறுவை நடக்கும்போது நரம்பு வழியாக ஏற்றுகிற இரண்டு வகைத் தண்ணீரில், ரத்தக்குழாயின் உள்பக்கத்துக்கு எது நல்லது என்று பார்த்தார்களாம். வித்தியாசம் இல்லையாம். இரண்டும் ஒன்றுதானாம்.

படித்து முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ப்ச்." அது யார் போட்ட சத்தம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவன் நான். என் வீட்டுக்காரி! சத்தத்தோடு நிற்கவில்லை. "இதுக்குத்தானா என் தம்பி உடம்பக் குடுத்தான்?" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னாள். என்னம்மா முறைக்கிறாய்? சொன்னாயா இல்லையா? பாருங்கள், தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். வீட்டில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாள். மைக்கில் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும்!

அவள் தம்பி, என் மச்சான். ஊர் வைத்த பேர் வெண்கலம். பெட்டி என்னுடையது, குரல் அவனுடையது. கடை திறப்பா, பைப்பில் தண்ணீர் வராத நாளா, நாய் காணாமல் போய்விட்டதா, வண்டியில் ஏறி உட்கார்ந்து அவன் ஒரு தடவை அறிவித்தால், அந்த நாயே கேட்டுவிட்டுத் திரும்பி வரும். அப்படிப்பட்ட குரல்! இன்றைக்கு அந்தக் குரல் இல்லை. இருந்திருந்தால் அவன் பேசியிருப்பான், நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

ஒருநாள் அவன் கண் மஞ்சளானது. படம் எடுத்துப் பார்த்தார்கள். கணையத்தில் கட்டி. கணையம் என்று ஓர் உறுப்பு வயிற்றுக்குள் குடியிருக்கிற சேதியே எங்களுக்கு அன்றுதான் தெரியும். வாடகை கேட்காமல், வாய் திறக்காமல், இருக்கிற இடம் தெரியாமல் இருந்த உறுப்பு, ஒரே நாளில் எங்கள் வீட்டுச் சோற்றையும் தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டது.

அறுவைக்கு முன்னால் டாக்டரம்மா வந்தார்கள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். "ஆபரேஷன் முடியற வரைக்கும் உங்க உடம்புக்குள்ள தண்ணி ஏத்திக்கிட்டே இருப்போம். ஒண்ணு, வெறும் உப்புத் தண்ணி. இன்னொண்ணு, ரத்தத்துல இருக்கற உப்புங்களோட அளவுக்கு ஒத்துப்போற மாதிரி கலந்த தண்ணி. ரெண்டுமே ரொம்ப காலமா எல்லாருக்கும் ஏத்தறதுதான்."

என் வீட்டுக்காரி கேட்டாள்: "ரெண்டுல எது நல்லது?"

"தெரியாதும்மா. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்க தம்பியைச் சேத்துக்கலாமான்னு கேக்க வந்தேன். யாருக்கு எதுன்னு குலுக்கல்ல போடுவோம்."

"தெரியாதா? இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியைக் கட்டி வெச்சுக்கிட்டு தெரியாதுங்கறீங்களே! என் தம்பி என்ன எலியா?"

அன்பர்களே! நான் கேட்கிறேன். தெருவில் ஒருவன் வழி கேட்டால், நம்மில் எவனாவது தெரியாது என்று சொல்கிறோமா? கையை நீட்டி எங்கேயாவது காட்டிவிட்டு வருகிறோமே! மேடை மேடையாய் மைக் கட்டினேன். தெரியும் என்றவர்களைக் கேட்டேன். எல்லாம் தெரியும் என்றவர்களைக் கேட்டேன். எனக்கு மட்டுமே தெரியும் என்றவர்களையும் கேட்டேன். இத்தனை படித்த ஒருவர், எதிரில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "தெரியாது" என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது!

அப்புறம் விளக்கினார்கள். ரத்தக்குழாய் என்றால் வெறும் குழாய் இல்லையாம். அதன் உள்பக்கம் முழுக்க, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூம்பஞ்சு போலச் சர்க்கரையும் புரதமுமாய் ஒரு போர்வை படர்ந்திருக்கிறதாம். எது வெளியே கசியலாம், எது கசியக்கூடாது என்று பார்த்து அனுப்பும் போர்வையாம். பெரிய அறுவையில் அது உதிருமாம். உதிர்ந்தால் தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து சதைக்குள் இறங்குமாம். உடம்பு வீங்கும், போட்ட தையல் ஆறத் தவிக்கும்.

மச்சான் கேட்டான்: "மைக் மேல ஸ்பாஞ்சு மாட்டுவோமே, அது மாதிரியா டாக்டரம்மா? அது இல்லேன்னா மூச்சுக்காத்தெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு உள்ள பூந்துரும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த ஸ்பாஞ்சை எந்தத் தண்ணி கம்மியா உதிர்க்குதுன்னு பாக்கப்போறோம்."

அவன் அக்காவைப் பார்த்தான். "அக்கா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசற ஆள்கிட்ட மாட்டறதுக்கு, தெரியாதுன்னு சொல்ற இவங்ககிட்டயே படுத்துக்கறேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே, கையெழுத்துப் போட அவனுக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவள் விட்டுக்கொடுத்த நாள் என் நினைவில் அது ஒன்றுதான்.

பிறகு ஒரு சின்னக் கேமராவைக் கொண்டுவந்தார்கள். பேனா அளவுதான். அதை எங்கே வைத்துப் பார்ப்பார்கள் தெரியுமா? நாக்குக்கு அடியில்! ரத்தக்குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகிற இடமாம் அது. "மாப்ளே, உன் நாக்கு மேல இருக்கறதத்தான் ஊரே கேட்டிருக்கு, அடியில என்ன வெச்சிருக்கேன்னு இப்பப் பாத்துடறேன்" என்றேன். நாக்கைத் தூக்கிப் பிடித்திருந்ததால் அவனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. நானும் சந்தர்ப்பத்தை விடவில்லை, அத்தனை வருடத்துக் கிண்டலையும் அங்கேயே தீர்த்துக்கொண்டிருந்தேன். திரையில் படம் வந்தது. கிண்டலை நிறுத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

எப்படிச் சொல்வேன்! சிவப்பு நூல்கள். நூலுக்குள் நூலாய், கிளைக்குள் கிளையாய். ஒவ்வொன்றுக்குள்ளும் துளித்துளியாய், ஒன்றின்பின் ஒன்றாய், இடிக்காமல், முந்தாமல், நிற்காமல் ஓடுகின்றன! யார் சொல்லி ஓடுகின்றன? யாருக்குப் பயந்து ஓடுகின்றன? அவன் வண்டியில் கத்தியபோதும் ஓடின, குறட்டை விட்டபோதும் ஓடின, என்னோடு சண்டை போட்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தானே, அப்போதும் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன! இவ்வளவு பெரிய ஊர்வலத்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டா இந்த மனிதன் காணாமல்போன நாயை அறிவித்துக்கொண்டிருந்தான்?

கேமராவை எடுத்ததும் கேட்டான்: "என்ன மாமா, பேச்சையே காணோம்? மோசமாவா இருக்கு?"

"இல்ல மாப்ளே. நீ இவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியாமப் பழகிட்டேன்."

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அவன்கூடச் சிரிக்கவில்லை.

ஆனால் நான் நானாச்சே! மறுநாள் காலையில் சிபாரிசு பிடிக்கக் கிளம்பிவிட்டேன். குலுக்கல் கிடக்கட்டும், நம்ம ஆளுக்கு மட்டும் நல்ல தண்ணியாகப் பார்த்து மாட்டச் சொல்லலாமே! லிஃப்ட்காரரைக் கேட்டேன். "இடது கைப் பக்கம் தொங்கறதுதான் ஒசத்தி" என்றார். நர்ஸ் பெண்ணைக் கேட்டேன். "பைக்கு மேல கறுப்பு உறை போட்டுத்தான் தாத்தா எங்ககிட்டயே குடுக்கறாங்க" என்றது. கடைசியில் டாக்டரம்மாவையே நடைபாதையில் மடக்கினேன்.

"எங்கப்பாவுக்கே ஆபரேஷன்னாலும் இதே குலுக்கல்தான் ஐயா" என்றார்கள்.

"சரி, உங்க மனசுல எது நல்லதுன்னு படுது? அதை மட்டும் சொல்லுங்க."

"என் மனசுல ஒண்ணு நல்லதுன்னு படுது. அதனாலதான் எடுக்கற உரிமையை என் கையில வெச்சுக்கல."

சபையோரே! பெரிய மனிதனின் சிபாரிசுச் சீட்டுக்கு மயங்காத இடம், பணக்கார வாசலுக்கு வளையாத இடம், பெற்ற அப்பனுக்கும் பிரியம் காட்டாத இடம் உலகத்தில் உண்டா? உண்டு! இந்தக் கட்டடத்தில் உண்டு! சிபாரிசு தோற்றுப்போன அந்த நடைபாதையில் நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அறுவை அன்று நானும் அவளும் கதவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, அவனுக்கு நல்லது கெடைச்சிருக்குமா?" கதவு திறக்கும்போதெல்லாம் அதே கேள்வி. மாலையில் பெரிய டாக்டர் வெளியே வந்தார். மூக்கில் முகக்கவசம் அழுத்திய தடம். "நல்லபடியா முடிஞ்சுது. எங்க வேலை முடிஞ்சுது, இனிமே அவர் உடம்பு செய்யணும்" என்றார்.

உடம்பு செய்தது! திரும்பவும் நாக்குக்கு அடியில் கேமராவை வைத்தார்கள். முதலில் ஊர்வலம் தடுமாறியது. அங்கங்கே நின்றது, சில நூல்களைக் காணவே காணோம். நாள் போகப்போக, ஒவ்வொரு நூலாய்த் திரும்பியது. உதிர்ந்த போர்வை தானாய்த் துளிர்க்கிறது என்றார்கள். எந்தத் தையல்காரன் தைத்தான்? எந்தத் தறியில் நெய்தார்கள்? நமக்குள்ளே நமக்கே தெரியாமல் ஒருவர் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார், ஐயா!

அவன் வீட்டுக்கு வந்தான். மெலிந்த உடம்போடு வண்டியில் ஏறினான். கொஞ்ச காலம் ஊர் அந்தக் குரலைக் கேட்டது. அப்புறம் நோய் வேறு இடத்தில் திரும்பி வந்தது. இந்த முறை கத்திக்கு எட்டாத இடம். படுக்கையில் இருந்தபோது என்னைக் கேட்டான்: "மாமா, அந்தத் தண்ணி விஷயம் என்னாச்சு?" "இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க மாப்ளே." "வந்தா மறக்காம சொல்லு" என்றான்.

அவன் போனபிறகும் அக்காளின் கேள்வி போகவில்லை. முகத்தைத் திருப்பாதே அம்மா, நான் சொல்லத்தான் போகிறேன். பாத்திரம் கழுவும்போது கேட்பாள். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். "குலுக்கல்ல அவனுக்கு மட்டமானது விழுந்திருக்குமோ? நான் வேண்டாம்னு அழுத்திச் சொல்லியிருந்தா இருந்திருப்பானோ?" அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் வந்தாள். எது நல்லது என்று ஒன்றைச் சொல்வார்கள், மற்றது கெட்டது என்று தெரிந்துவிடும், தம்பிக்கு எது விழுந்தது என்று கேட்டுவிடலாம் என்று வந்தாள்.

டாக்டரம்மா என்ன சொன்னார்கள்? இரண்டு தண்ணீரிலும் போர்வை ஒரே மாதிரி உதிர்ந்தது. ஒரே மாதிரி துளிர்த்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்களே, யாராவது கவனித்தீர்களா? "ஒண்ணு நல்லதுன்னு நான் நினைச்சிருந்தேன். என் நினைப்பு சரியில்ல" என்றார்கள்! இத்தனை பேருக்கு முன்னால், ஒலிபெருக்கியில்! மைக் செட்டுக்காரன் சொல்கிறேன், என் பெட்டியில் அந்த வாக்கியம் இதுவரை ஒலித்ததே இல்லை!

அம்மா, வித்தியாசம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? உன் தம்பிக்கு மட்டமான தண்ணி விழவில்லை என்று அர்த்தம்! விழுந்திருக்கவே முடியாது என்று அர்த்தம்! அங்கே மட்டமானது என்று ஒன்று இல்லவே இல்லை! நீ தடுத்திருந்தாலும் அதே தண்ணி, விட்டதாலும் அதே தண்ணி. இதை உனக்கு நான் சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றிருப்பாய். சொன்னது நானா? உன் தம்பியின் ரத்தம் சொல்கிறது! இங்கே உட்கார்ந்திருக்கும் இத்தனை பேரின் ரத்தமும் அதோடு சேர்ந்து சொல்கிறது! நாளைக்கு அந்தக் கதவுக்கு எதிரில் உட்காரப்போகிற எந்த அக்காளும், எந்த மனைவியும், எந்த மகளும் இந்தக் கேள்வியைச் சுமக்க வேண்டாம். நீ சுமந்தாய், தீர்ந்தது. இதற்கா "ப்ச்"?

...கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். என் வீட்டுக்காரி எழுந்து நிற்கிறாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைக்கிறேன். சொல்லும்மா... என்னது? சத்தமாகச் சொல், பின்னால் கேட்கவில்லை என்கிறார்கள்... சரி, சரி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல், அவசரமில்லை.

தலைவர் அவர்களே, அவள் கேட்பது என்னை இல்லை, டாக்டரம்மாவை. கையில் மைக் இல்லாததால் அவள் வாயால் கேட்டதை அப்படியே என் வாயால் சொல்கிறேன். "டாக்டரம்மா, அடுத்து எதைக் கண்டுபிடிக்கப் போறீங்க? அதுக்கு ஆள் வேணுமா?"

பதில் சொல்லவேண்டியவன் நான் இல்லை. பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், கண் கலங்கிய தாய்மாருக்கும், பத்து நிமிடம் தாண்டியும் மணி அடிக்காத தலைவருக்கும் நன்றி, வணக்கம்! டாக்டரம்மா, இந்தாருங்கள் மைக். இந்தப் பக்கம் வாருங்கள், ஒயர் தடுக்கும்.