இடைவேளையில் தொட்டிக்குள் யாருமில்லை

காபி வாசமாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. இருந்தாலும் இப்போது வேண்டாம். ஒன்பதுக்கு இடைவேளை வருமே, அப்போது குடித்துக்கொள்கிறேன். ஆலையில் பழகிய வயிறு, நேரம் தப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்ளும்.

இதே நாற்காலியில் எத்தனை தடவைதான் உட்காருவது? எனக்கு அலுத்துவிட்டது, உங்களுக்கும் அலுத்திருக்கும். தௌனோவின் மேல் வழக்குப் போடுவதா, விடுவதா என்று தெரியாமல் நீங்கள் தவிக்கிறீர்கள். காகிதக்கூழ்த் தொட்டியின் வாசலில் காவலுக்கு நின்றவன் அவன். இடத்தைவிட்டுப் போனான், உள்ளே இருந்த இல்போ செத்தான். திரும்பிப் போக எழுந்தவனை நான்தான் பிடித்து உட்கார வைத்தேன் என்கிறான் தௌனோ. இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். அவன் ஜெயிலுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் என் வாயில் இருக்கிறது, அவ்வளவுதானே? நிதானமாகவே சொல்கிறேன்.

காகித ஆலையில் நான் பாதுகாப்பு அலுவலர். விதிகளைத் தலைநகர் ஹெல்சிங்கியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் யாரும் தொட்டிக்குள் இறங்கியதில்லை. கையுறை மாட்டு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். "ஆர்வோ, சுத்துற ரோலர் பக்கத்துல கையுறை மாட்டுனா அதுவே கையை இழுத்துக்குமே, என்ன பண்ண?" என்று ஒருவன் என் முன்னால் வந்து நிற்பான். அவனுக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டும். எனக்குப் பாதிரியார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "வேதத்துல என்ன போட்டிருக்கு பாதிரியாரே?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் நான் சொன்னபடிதான் நடப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

தொட்டி விதி சின்னது. உள்ளே வேலை நடக்கும்வரை வாசலில் ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு ஏதாவது ஆனால் கயிற்றைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். இதை வைத்துத்தான் தௌனோ என் அறைக்கு வந்து சத்தம் போட்டான்.

"ஊரே பன் சாப்பிடப் போகுது. நான் மட்டும் ஒரு ஓட்டையப் பாத்துக்கிட்டு நிக்கணுமாய்யா? நான் என்ன, கட்டிப்போட்ட நாயா?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஒருவனைக் கைநீட்டி அடித்தால்கூட மன்னிப்பான், காபி இடைவேளையில் கைவைத்தால் மன்னிக்க மாட்டான். தொழிற்சங்கம் ஆலையையே நிறுத்தும். மாற்று ஆள் கேட்டேன். "ஆளா? என் தலைமுடியக் கேளு, தர்றேன். நீயே ஒரு வழி சொல்லேன்" என்றார் மேலாளர்.

சனிக்கிழமை சவுனாவில், நீராவிக் குளியலில் உட்கார்ந்து யோசித்தேன். வழி கிடைத்தது. இடைவேளை என்றால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம். வேலை நின்றால் தொட்டிக்குள் யாரும் இல்லை. யாரும் இல்லாத தொட்டிக்குக் காவல் எதற்கு? திங்கட்கிழமை அப்படியே அறிவித்தேன், எல்லோருக்கும் சந்தோஷம். தௌனோ மறுநாள் என் மேசையில் ஏலக்காய் பன் ஒன்றை வைத்துவிட்டுப் போனான்.

உள்ளே இருப்பவன் ஏறி வெளியே வந்துவிட்டால் இதில் ஒரு குறையும் கிடையாது.

இல்போ வரமாட்டான். ஒருநாள் அவன் இறங்கும்போது இடுப்பில் பிளாஸ்க் தொங்குவதைப் பார்த்தேன்.

"என்னடா இது?"

"ஏணி ஏறி, கவசத்தைக் கழட்டி, கை கழுவி உக்கார்றதுக்குள்ள இடைவேளை முடிஞ்சிரும் பாதிரியாரே. நான் உள்ளேயே கடை போட்டுட்டேன். நீ வேதத்தைப் பாரு, நான் காபியப் பாக்குறேன்."

நானும் சிரித்தேன். பார்த்தேன் என்று ஒத்துக்கொண்டால் நான் சொன்ன வழி அன்றோடு போயிற்று. தௌனோ மறுபடி கத்துவான், மேலாளர் மறுபடி தலைமுடியைக் காட்டுவார். எனக்குத் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு இல்போ இறங்கும் நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவன் செத்தபின் அறிக்கையிலும் அதையேதான் சொன்னேன்: வேலையில் சாகவில்லை, இடைவேளையில் செத்தான், ஆகவே ஆலையின் பொறுப்பு இல்லை. அவன் மனைவி ஆலை வாசலுக்கே வந்து, "இடைவேளையில செத்தா அவர் செத்தவர் இல்லையா?" என்று கேட்டாள். பாவம்தான். ஆளுக்கு ஆள் விதியை வளைத்தால் அப்புறம் விதி எதற்கு?

ஒன்பதாகிவிட்டது. பேனாவை வையுங்கள் அம்மா. அந்தக் கோப்பையை இப்படி நகர்த்துங்கள்.

"டேப் ரெக்கார்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஆர்வோ" என்கிறீர்கள். ஓடட்டும். இடைவேளையில் பேசுவது யார் கணக்கிலும் வராது.

அன்றும் இந்த நேரம்தான். காபி அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். தௌனோ பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து ஸ்பேனரால் தட்டுகிற சத்தம் வந்தது.

"தட்டுறான்யா" என்று தௌனோ எழுந்தான்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். "உக்காரு. உள்ள யாரும் இல்ல."

"யோவ், இல்போ தட்டுறான்!"

"இடைவேளைடா. யாரும் இல்ல. உக்காருன்னா உக்காரு."

அறை முழுக்க ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு வாயைத் திறக்க மறுக்கிறார்களே, அவர்கள்தான். தௌனோ எழுந்து போனால் தொட்டிக்குள் ஆள் இருக்கிறான் என்றாகிவிடும். நான் சொன்னது பொய் என்று அத்தனை பேர் முன்னால் ஆகிவிடும். அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியாது அம்மா, அவ்வளவு சோர்ந்திருந்தேன். தௌனோ உட்கார்ந்தான். அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம். சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு மெதுவாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. அடியில் கிடந்த கழிவிலிருந்து விஷவாயு கிளம்பியிருக்கிறது. முதல் தட்டலிலேயே கயிற்றை இழுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னாராம். எனக்கு அது அப்போதே தெரியும். மணி அடிக்கும்வரை தௌனோவின் தோளிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

நல்ல காபி. ஒரு பன் இருந்திருக்கலாம்.

சரி, இடைவேளை முடிந்தது. பேனாவை எடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். எழுதிக்கொள்ளுங்கள்: தௌனோவை நான் தடுக்கவில்லை. எந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை.