அறுக்காத கயிறு

டப். டப். டப். இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. மூன்றாவது குண்டு எங்கள் ஃபைபர் படகின் விளிம்பைப் பெயர்க்கிறது. குப்புற விழுகிறேன். அண்ணன் வேலு பின்பக்கம் நிற்கிறான். அவன் காலடியில் கயிறு விறைத்திருக்கிறது. மறுமுனையில் மாமாவின் படகு. அதன் இன்ஜின் செத்துவிட்டது.

தை அமாவாசைக்கு மறுநாள் காலை. கோடியக்கரைக்குக் கிழக்கே. மரக்காணத்திலிருந்து போய் அங்கே தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தோம்.

மாமாவும் அண்ணனும் பேசி ஒரு வருடம் இருக்கும். சண்டை. ஆனால் துடுப்பில் லுங்கியைக் கட்டித் தூக்கினால் எங்கள் குப்பத்தில் ஒரே அர்த்தம். கயிறு கொடு. எதிரியானாலும் கொடு. கட்டிய கயிற்றைக் கரை வரும்வரை அறுக்காதே.

அன்று தூக்கியது மாமா. நீரோட்டம் அவரைக் கடல் எல்லைக்கு அப்பால் இழுத்திருந்தது. ஜிபிஎஸ்ஸைப் பார்த்துச் சொன்னேன். அண்ணன் சிரித்தான்.

"கோடு போட்டவன் அப்டியே பெயின்ட்டும் அடிச்சிருக்கலாம்ல? நீ ஓட்றா."

போனோம். கட்டினோம். திரும்பினோம். அப்போதுதான் பக்கத்து நாட்டு ரோந்துக் கப்பல் வந்தது. சுட்டது.

வயர்லெஸ்ஸில் நம் கரையைக் கூப்பிடுகிறேன். கரகரப்பு. பதில் இல்லை. கப்பல் நேராக வருகிறது. மாமா அலறுகிறார்.

"டேய் வேலு! அறுத்துட்டுப் போடா! தம்பிய இட்டுனு போடா!"

"கம்முனு கெட மாமா!"

கத்தி அவன் இடுப்பில் இருந்தது. எடுக்கவில்லை.

கப்பல் எங்கள் படகில் மோதியது. தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். பிறகு தண்ணீர். கயிற்றைப் பிடித்து மாமாவின் படகில் ஏறினேன். அண்ணன் மேலே வரவில்லை. கப்பல் நிற்கவில்லை.

மதியம் நம் படகுகள் வந்து எங்களை இழுத்துப் போயின. அதே கயிற்றில். கரையில் ஒரு அதிகாரி கேட்டார்.

"எல்லைய ஏம்பா தாண்டுனீங்க? படிச்ச பையன்தான நீ?"

படித்தவன்தான். எங்கள் வீட்டில் முதல் ஆள். பன்னிரண்டு கடல் மைல் வரை நாட்டின் கடல். இருநூறு வரை மீனும் மற்றதும் நாட்டுக்கு. பக்கத்து நாடு நெருங்கி இருந்தால் இடையில் கோடு. எல்லாம் படித்தேன். கடலில் தத்தளிப்பவனைக் காப்பாற்று என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இறையாண்மை, இறையாண்மை என்கிறீர்கள். நான் கூப்பிட்டபோது அது எங்கே போயிருந்தது?

இழப்பு எவ்வளவு என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். படகு ஒன்று. இன்ஜின் ஒன்று. வலை முழுவதும். வேலு, இருபத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. அண்ணி இப்போது உப்பளத்தில் உப்பு சுமக்கிறாள்.

நாடு இழந்தது ஒன்றுமில்லை. வரைபடத்தில் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது.