ரெனால்ட் அனுப்பிய பதில்கள்

பிளேன்ரீக்குச் சீனி காணுமா, மிஸ் நஸீறா? காணாவிட்டால் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இந்த வெயிலில் பஸ் மாறி வருவதென்றால் சும்மாவா.

என் மனுசனை உங்கள் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு அழைத்துப் போக வந்தீர்கள். "ரெண்டு வார்த்தை பேசினாப் போதும் அங்கிள்" என்றீர்கள். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார், கண்ணால் நீர் வந்தது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன்.

ரெனால்ட் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். வந்து இறங்கும் சாமான்களைச் சரிபார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தால் என்னைச் சரிபார்ப்பார். நான் ஒரு கதை தொடங்கினால் போதும், "பிழை, மெற்றில்டா. அது செவ்வாய் இல்லை, புதன்" என்பார். அதற்குப் பிறகு கதை அவருடையது. என் அம்மாவின் செத்தவீட்டில், அம்மா கடைசியாக என்னிடம் சொன்னதை வந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். அதையும் அவர்தான் சொல்லி முடித்தார். அம்மா அதைச் சொன்னபோது அவர் அறையிலேயே இருக்கவில்லை.

பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது அழுதேன், மிஸ். சத்தியமாக அழுதேன். உங்களுடைய மெசேஜ்கள் அவருடைய போனுக்கு வரத் தொடங்கின. குளிசை போட்டீர்களா, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. பிறஷர் பார்த்தீர்களா, 1 அல்லது 2. அவரால் தட்ட முடியாது, நான் தட்டினேன். எந்த வீட்டிலும் அப்படித்தானே நடக்கும். குளிசை விஷயத்தில் நான் ஒருநாளும் பொய் தட்டியதில்லை. வேண்டுமென்றால் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பேச்சு வந்துவிட்டதா என்ற கேள்விக்கும் முதலில் ஒழுங்காக 2 என்றுதான் போட்டேன். உடனே பேச்சுப் பயிற்சி மிஸ் எனக்குப் போன் எடுத்தார். கண்ணாடிக்கு முன்னால் இருத்துங்கள், கூடவே சொல்லுங்கள், பாட்டாகப் பாடினாலும் நல்லது என்றார். எல்லாம் செய்தேன். மாதா பாட்டெல்லாம் பாடினோம். அவருக்கு வாய் கோணினாலும் பிடிவாதம் குறையவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு பேர்ணடெற் அவரைப் பார்க்க வந்தாள். எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்த கதையை அவளுக்குச் சொன்னேன். யாரும் குறுக்கே விழாமல் கதை பாதிவரை போனது, எனக்கே புதினமாக இருந்தது. அப்போது கதிரையிலிருந்து ஒரு சத்தம்.

"பி... பிழை."

பேர்ணடெற் கைதட்டினாள். "யேசுவே, மனுசன் கதைக்கிறார்! கேட்டியா மெற்றில்டா?"

கேட்டேன். நன்றாகவே கேட்டது.

அடுத்த மெசேஜ் வந்தது. பேச்சு வந்துவிட்டதா? 1 போட்டேன். ஒரு விரல் வேலை. பயிற்சி மிஸ் பிறகு எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. இங்கே இடம் அடைசல் என்று கண்ணாடியை மற்ற அறைக்கு மாற்றினேன். அவர் இடது கையால் போனைப் பறிக்கப் பார்த்தார். எட்டப்போய் விழுந்துவிட்டால் பாவம் என்று அதை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

பிறகு, உங்கள் அனுபவத்தைச் சொந்தச் சொற்களில் எழுதுங்கள் என்று கேட்டீர்கள். அங்கேதான் நான் கொஞ்சம் ஆடிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். "பேச்சு நன்றாக வந்துவிட்டது. என் மனைவி சொல்வதெல்லாம் சரி என்று இந்த வருத்தம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இப்படிக்கு ரெனால்ட்." அனுப்பிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினேன். நீங்களும் பூப்படம் போட்டுப் பதில் அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? வாராவாரம் எழுதினேன். என் சமையல், என் பொறுமை, என் ஞாபகசக்தி எல்லாவற்றையும் அவர் மெச்சினார். வாழ்நாளில் அவர் இவ்வளவு அழகாகக் கதைத்ததில்லை. மற்ற நோயாளிகளுக்கு முன்னால் பேச அவரையே தெரிந்தெடுப்பீர்கள் என்று நான் கண்டேனா?

முகத்தை அப்படி வைக்காதீர்கள், மிஸ். தொடக்க மாதங்களில் பயிற்சி கொடுத்தால்தான் பேச்சு நன்றாகத் திரும்பும், விட்டுவிட்டால் கஷ்டம் என்று உங்களுடைய மெசேஜில் இருந்தது. வாசித்தேன். விளங்கித்தான் வாசித்தேன். இப்போது அந்த ஒரு சொல்லும் அவருக்கு வருவதில்லை. பேர்ணடெற் பின்னேரங்களில் வருவாள், என் கதைகள் முடிவுவரை போகும். அவருக்கும் ஓய்வு. அவ்வளவு காலம் ஓயாமல் கதைத்த மனுசன், களைத்திருப்பார்தானே.

ஒன்று மட்டும். அவரைக் கேட்காமல் செய்தேன் என்று போய்ச் சொல்லிவிடாதீர்கள், அது பெரிய பாவம். ஒவ்வொரு மெசேஜையும் அவருக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்து, "என்னப்பா, 1 போடவா?" என்று கேட்டுத்தான் போட்டேன். ஒரு தடவைகூட அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.