பச்சையாகத் தெரிந்த கிளை

டீ வேண்டாம் ஐயா. கிளம்பும்போதே அக்கா போட்டுக் கொடுத்தாள், வழியில் சாப்பிட ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள்.

காட்டில் என் வேலை மரத்தின் தாகத்தை அளப்பது. சிறு குச்சியை அறுத்து இரும்புக் குடுவையில் செருகி, உள்ளே காற்றை ஏற்றுவேன். அழுத்தம் ஏற ஏற, வெட்டிய முனையில் நீர் கசியும். கசிய எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவு தாகம். புல்லுருவி பிடித்த மரங்கள்தான் மோசம். வறட்சியில் மரம் இலைத் துளைகளை மூடி, இருப்பதைச் சேமிக்கும். புல்லுருவி மூடாது, வெட்கமில்லாமல் குடித்துக்கொண்டே இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தானைப் பார்த்தாலும் அப்படித்தான். அக்காவின் புருஷன். எங்கள் குழுவில் மரமேறிப் புல்லுருவியை வெட்டுபவர். அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று துணி தேய்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் இவர் முதுகுக்குத் தைலம் தேய்க்க வேண்டும். இவர் கேட்க மாட்டார், அவளாகவே தேய்ப்பாள். அதுதான் ஆத்திரம். ஒரு மனுஷியை இப்படியா உறிஞ்சுவது? சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர்தானே என்பீர்கள். கழுவட்டுமே.

இரண்டு மாதத்துக்கு முன் சாப்பிடும்போது சொன்னார்.

"மச்சான், உனக்கும் முப்பத்தெட்டு ஆயிடுச்சு. பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கோ. உங்க அக்கா ரொம்ப ஓய்ஞ்சு போயிட்டா."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக நான் இருக்கிற வீடு அது. எங்களைப் பிரிக்கப் பார்க்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

கயிற்றை எந்தக் கிளையில் போடுவது என்று ஏறுபவர் முடிவு செய்வதில்லை, அளப்பவன் சொல்வான். அது எங்கள் குழுவின் வழக்கம். கீழிருந்து பார்த்தால் கண் ஏமாந்துவிடும். புல்லுருவி ஒட்டிய இடத்துக்கு அப்பால் கிளை செத்திருக்கும். தொங்கும் தழை அதை மூடியிருப்பதால் முழுக் கிளையும் பச்சையாகத் தெரியும்.

சம்பவத்தன்று காலை மேற்குக் கிளையின் நுனிக் குச்சியை அளந்தேன். எவ்வளவு அழுத்தியும் ஒரு சொட்டுகூட வரவில்லை, செத்த கிளை. அத்தான் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எதுல போடட்டும், மச்சான்?"

"மேற்கால இருக்கறதுல. தழையைத் தாண்டிப் போடுங்க."

"அளந்து பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டேன்."

என்னை நம்பினார். அந்த மனிதருக்கு எதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிற பழக்கமே கிடையாது.

கயிற்றில் தொங்கிப் பார்த்தார், தாங்கியது. மேலே போய் ரம்பத்தை இழுக்கத் தொடங்கியதும் கிளை முறிந்தது. நான் குறிப்பேட்டில் ஒரு நல்ல எண்ணை எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஓடினேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். அவர் போய் ஐந்து வாரம் ஆகிறது. அக்கா இப்போது இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாள். வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, என் சட்டையையும் தேய்த்து வைக்கிறாள். உறிஞ்ச ஆள் இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படியிருந்தும் ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறாள் என்று நீங்களாவது சொல்லுங்கள், ஐயா.