மூன்று குரல்களுக்கு மேடையில் இடம்

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தொலைக்காட்சி நிலைய இயக்குநர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் இசைக்குழுவினரே! துயரத்தை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பன்னாட்டுப் பாடல் போட்டிக்கு நம் பாடகர்களைத் தயார் செய்து அனுப்பிய குரலமைப்பாளர், நம் 'மறுபடியும் அண்ணன்' மறைந்துவிட்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இங்கே தெரியாதவர் யார்? பாடி முடித்த மறுநொடி, "நல்லாருக்கு, மறுபடியும்" என்பார். நன்றாக இல்லையென்றால் "மறுபடியும்" மட்டும்தான் வரும்.

என்னைப் பேச அழைத்தவர்களின் துணிச்சலைப் பாராட்டுகிறேன். ஏனென்றால், அந்தப் போட்டி மேடைக்கு நெருப்பும் புகையும் மின்திரையும் அமைப்பவன் நான். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்! என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏம்ப்பா பட்டாசு, பாட்டு கேக்குறவனுக்குப் புகை எதுக்கு?" என்பார்.

"டிவி பாக்குறவன் சேனலை மாத்தாம இருக்கத்தாண்ணே" என்பேன்.

"பாட்டு நல்லாருந்தா அவன் ஏன் மாத்துறான்?"

இந்தச் சண்டை முடிந்ததே இல்லை.

அவருடைய ஒத்திகை அறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. மூலையில் ஒரு பியானோ, அதன்மேல் காலி தேநீர்க் கோப்பைகள். அங்கே அவர் ஒரு விநோதமான வழக்கம் வைத்திருந்தார். பின்னணி பாடும் மூவரும் தத்தம் வரியைப் பாடினால் போதாது. ஒவ்வொருவரும் மற்ற இருவரின் வரியையும், முதன்மைப் பாடகியின் வரியையும் மனப்பாடமாகப் பாட வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஆறு வாரம் ஒத்திகை! "இவருக்கு வேறு வேலை இல்லை" என்று கேலி செய்தோம். முதலில் கேலி செய்தவன் நான்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று சொல்லப் போகிறேன். நாம் பத்தொன்பதாவது இடத்துக்குப் போன அந்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். "குரல் சேரவில்லை, குரலமைப்பு மோசம்" என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. உண்மையில் அன்று நடந்தது என்ன?

பாடகி உச்ச வரிக்கு மூச்சு எடுத்தாள். அன்று அரை நொடி கூடுதலாக எடுத்தாள். நான் அவளைக் கவனிக்கவில்லை. என் முன்னால் ஓடிய நேர எண்களைப் பார்த்து விசையை அழுத்திவிட்டேன். அவள் வாய் திறக்குமுன் இரண்டு பக்கமும் நெருப்பு சீறியது. அவள் துள்ளி விலகினாள். காதிலிருந்த ஒலிக்கருவி கழன்று தொங்கியது. சுருதி போயிற்று! இரண்டு வரி அந்தரத்தில் தொங்கினாள்.

இருட்டில் நின்ற மூன்று பேர் அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் வரியை விட்டுவிட்டு அவள் வரிக்கு ஏறினார்கள். யாரும் சைகை காட்டவில்லை. அவள் அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என் நெருப்பு மட்டும்தான் தெரிந்தது.

பிறகு நிலையம் நடத்திய விசாரணையில் அண்ணன் என் பெயரைச் சொல்லவில்லை. "ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன்.

"உன் பேரைச் சொன்னா உனக்கு வேலை போகும். என் பேருக்குத் திட்டு மட்டும்தான். திட்டு எனக்குப் பழக்கம். ஆனா அடுத்த வருசம் ஒத்திகைக்கு வந்து உக்காரு. அவ எங்க மூச்சு எடுக்குறான்னு கத்துக்கோ."

போனேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் போனேன். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இத்தனை நாள் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தேனே, எவ்வளவு பெரிய கோழை நான்! அண்ணி, என்னை மன்னித்துவிடுங்கள்.

கடைசி வாரத்தில்கூட அவர் மாறவில்லை. மருத்துவமனையில் படுக்கையோரம் ஒலித்த இயந்திரத்தைச் செவிலியரிடம் காட்டி, "இது கொஞ்சம் சுருதி எறங்கிக் கத்துதும்மா, சரி பண்ணச் சொல்லு" என்றாராம். அந்தச் செவிலியர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்களாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் ஆறு பேருக்குமேல் ஏறக் கூடாது என்பது போட்டி விதி. பின்னணிக் குரலைப் பதிவு செய்தும் கொண்டுவரலாம் என்று அண்மையில் விதி தளர்ந்தது. உடனே நாம் என்ன திட்டமிட்டோம்? ஒரு பாடகி, ஐந்து ஆட்டக்காரர்கள், குரல் பதிவில் வரும் என்று எழுதினோம். எழுதியவன் நானே! அண்ணன் சாகும்வரை எதிர்த்தது அந்தத் தாளைத்தான். பதிவு செய்த குரல் அழகாக இருக்கும். ஆனால் பாடுகிறவள் தடுமாறினால் அதற்குத் தெரியுமா? அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

நேற்று, இந்த ஆண்டு பாடப்போகும் பெண் என்னிடம் வந்தாள். முதல் முறை போகிறாள். "சார், அண்ணனும் இல்ல. பின்னாடி பாடவும் ஆள் இல்ல. நடுவுல நான் தடுமாறிட்டா என்னை யாரு சார் புடிப்பாங்க?" என்று கேட்டாள்.

நேரே போய் ஆட்டக்காரர்களிடம் பேசினேன். மூவர் தாமாகவே விலகிக்கொண்டார்கள். "எங்களுக்குத் தாளம் சொல்லிக் குடுத்ததும் அவர்தானே சார்" என்றாள் அவர்களில் மூத்தவள். ஆகவே இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமை உங்கள் மேசைக்கு வரும் திட்டத்தில் நெருப்பு பாதியாகக் குறைந்திருக்கும். மூன்று இடங்கள் உயிருள்ள குரல்களுக்கு இருக்கும். அலுவலகத்தில் கேட்டால் "பார்க்கலாம்" என்பீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். சம்மதமா ஐயா?

தலையசைத்துவிட்டார்! முந்நூறு பேர் பார்த்துவிட்டோம் ஐயா, இனி வாபஸ் வாங்க முடியாது!

தோழர்களே, அண்ணன் செய்த வேலை தொடரும். அவர் அளவுக்கு நமக்குக் காது கிடையாது. ஆனால் ஆறு வாரம் இருக்கிறது, சலிக்காமல் உழைப்போம் என்று அவர் பெயரால் உறுதி கூறுகிறேன்.

அம்மா, நேற்று நீ கேட்டதற்கு இதோ பதில். இப்போது கொஞ்சம் திரும்பிப் பார். உனக்குப் பின்வரிசையில் அண்ணன் பழக்கிய பின்னணிப் பாடகர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் உன்னோடு வருகிறார்கள்.